கல்லாவில் எரர் காயின் தேடுகிறவளுக்கு

ராத்திரி பதினோரு மணிக்கு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய 2 ரூபாய் காயினைப் பார்த்தேன். கூடவே ஒரு வரி: "அக்கா, இது அஞ்சு லட்சத்துக்குப் போகுமாம், எதிர்வீட்டு அத்தை சொன்னாங்க." காலையில் பதில் போடலாம் என்று படுத்தேன், தூக்கம் வரவில்லை. அஞ்சு லட்சத்தை நினைத்து இல்லை. பதினெட்டு வருஷமாக மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், வாரத்துக்கு ஒருத்தராவது இதே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்கிறவள் கூடப்பிறந்தவளுக்குச் சொல்லாமல் விட்டேனே என்றுதான்.

உன் காயினை முதலில் முடித்துவிடுகிறேன். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போய், சிலுவை மாதிரி தெரிகிற 2006-ஆம் வருஷத்துக் காயின் அது. பிழை எதுவும் இல்லை. வேற்றுமையில் ஒற்றுமை என்று அப்போது போட்ட டிசைனே அதுதான். சிலுவையாகத் தெரிகிறது என்று சர்ச்சை கிளம்பியதும் 2007-இல் விரல் முத்திரை காயின் வந்தது. அதற்குள் சிலுவைக் காயினைக் கோடிக் கணக்கில் அடித்துத் தள்ளிவிட்டார்கள். என் கல்லாவிலேயே இன்றைக்கு நாலு கிடக்கிறது.

இங்கேதான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். டிசைன் வேறாக இருந்தால் அது எரர் என்று நினைத்துவிடுகிறார்கள். நம்ம தஞ்சாவூரில் 1995-இல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வள்ளுவர் படத்தோடு காயின் வந்தது. நீ அப்போது அம்மா இடுப்பில். பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம் ஆனதற்கு 2010-இல் 5 ரூபாய் வந்தது. காமராஜருக்கு ஒன்று. அண்ணாவுக்கு 2009-இல் ஒன்று, அவருடைய தமிழ்க் கையெழுத்தோடேயே. வைஷ்ணோ தேவி படம் போட்டு 2012 என்று ஒன்று வருமே, அதற்குத்தான் யூடியூபில் லட்சக் கணக்கில் விலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இவை எல்லாமே யோசித்து, திட்டம் போட்டு வெளியிட்ட நினைவுக் காயின்கள். எடுத்து வைத்துக்கொள், அழகாக இருக்கும். ஆனால் எரர் இல்லை.

10 ரூபாய் கதை உனக்கே தெரியும். ஒன்றில் பத்துக் கோடு, ஒன்றில் பதினைந்து கோடு. ஒன்றில் ரூபாய்ச் சின்னம் உண்டு, ஒன்றில் கிடையாது. ஏதோ ஒன்று கள்ளக்காசு என்று யாரோ கிளப்பிவிட, பஸ்ஸிலும் வாங்க மாட்டேன் என்றார்கள், பூக்கடையிலும் வாங்க மாட்டேன் என்றார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே, இதுவரை 14 டிசைனில் 10 ரூபாய் காயின் விட்டிருக்கிறோம், எல்லாம் செல்லும் என்று அறிக்கை கொடுத்தது. சின்னம் வந்ததே 2011-இல்தான். அதற்கு முந்தைய காயினில் சின்னம் இல்லையே என்று கேட்பது, தாத்தாவின் கல்யாணப் போட்டோவில் கலர் இல்லையே என்று கேட்பது மாதிரி.

இன்னொரு ஏமாற்றம் வருஷத்துக்குக் கீழே இருக்கிற குட்டிக் குறி. வைரம் போல இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. அவர்கள் குறி போடுவதில்லை. "நட்சத்திரம் விட்டுப்போச்சுக்கா" என்று போன தீபாவளிக்கு ஒரு பையன் கொண்டுவந்தான். கொல்கத்தா காயின்; பாவம், முகம் வாடிப்போனான். 1985-இல் இங்கிலாந்திலும், தொண்ணூறுகளின் கடைசியில் ரஷ்யா, மெக்ஸிகோ மாதிரி நாடுகளிலும் நமக்காகக் காயின் அடித்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் பழக்கமில்லாத எழுத்தோ குறியோ தென்பட்டாலும் பதறாதே. அதைச் சேர்க்கிறவர்கள் உண்டு. அதுவும் எரர் கணக்கில் வராது.

அளவிலும் ஏமாறுவோம். 2011-இல் 50 பைசா, 1 ரூபாய், 2 ரூபாய் காயின்களை ஒரு படி இறக்கிவிட்டார்கள். பழைய ஸ்டீல் 50 பைசா 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். 2011 டிசைன் 1 ரூபாயும் அதே 22, அதே 3.79. பழைய ஸ்டீல் 1 ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம், 2011-இன் 2 ரூபாயும் அப்படியே. "50 பைசா வில்லையில் 1 ரூபாயை அடிச்சிட்டாங்க" என்று ஒருத்தர் என்னிடம் சத்தியம் செய்யாத குறை. வருஷத்தைப் படியுங்கள் அண்ணே என்றேன். 2019-இல் வந்த டிசைனில் 1 ரூபாய் இன்னும் சுருங்கி 20 மில்லிமீட்டர் ஆகிவிட்டது.

சரி, அப்படியானால் எதுதான் எரர்?

தீபாவளிக்கு அம்மா சோமாஸ் செய்வாளே, அதை ஞாபகப்படுத்திக்கொள். மாவை அகலமாகத் தேய்த்து, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக அழுத்தி எடுப்பாள். நாணயச்சாலையில் உலோகத் தகட்டிலிருந்து வில்லை எடுப்பதும் அப்படித்தான். வில்லையின் ஓரத்தை உருட்டி, விளிம்பை மேடாக்குவார்கள். அப்புறம் கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, வில்லை பிதுங்கி ஓடாமலிருக்கச் சுற்றிலும் ஒரு வளையம். ஓங்கி ஒரே அடி. தலையும் பூவும் ஒரே நேரத்தில் விழுந்துவிடும். எரர் என்றால் இந்த மூன்றில் ஒன்றில் நடந்ததாக இருக்க வேண்டும்: வில்லையில், அச்சில், இல்லை அடியில். காயின் நாணயச்சாலை வாசலைத் தாண்டிய பிறகு அதற்கு என்ன நடந்தாலும் அது அடிபட்ட காயின், அவ்வளவுதான். கையில் எது வந்தாலும், "இது அடிக்கும்போது நடந்ததா, அடித்தபின் நடந்ததா?" என்று கேட்டுக்கொள். பதில் காயினிலேயே இருக்கும்.

நான் முதலில் பார்ப்பது மேடா பள்ளமா என்பதை. அச்சில் விரிசல் விட்டிருந்தால் அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்துகொள்ளும், காயினில் அது மேடான கோடாக எழுந்து நிற்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். சாவிக்கொத்தோடு உரசிய கீறல் பள்ளமாக இருக்கும். அச்சின் ஓரமே உடைந்து விழுந்திருந்தால், காயினின் விளிம்போரமாக ஒரு மொழுக்கு மேடு, எழுத்தெல்லாம் அதற்குள் மூழ்கிப்போயிருக்கும். அது நல்ல பிழை. மெல்லிய விரிசல் கோடு நிறையக் காயினில் வரும். அதற்கு யாரும் கூடக் கொடுக்க மாட்டார்கள்.

அச்சுக்குள் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டால் எழுத்து விழாது. நேற்றைய மாவு ஒட்டியிருக்கிற கொழுக்கட்டை அச்சு மாதிரி. சிங்கத்துக்குக் கீழே இருக்கிற பொடி எழுத்துதான் முதலில் மறையும். இது தேய்மானமா, அடைப்பா என்று பார்க்க, பக்கத்து எழுத்தைப் பார். தேய்ந்த காயினில் எல்லாமே சமமாகத் தேய்ந்திருக்கும். மேடான இடம் அதிகமாகத் தேய்ந்து பளபளக்கும். அடைபட்ட காயினில் ஓர் எழுத்து மட்டும் காணாமல் போயிருக்கும், அதை ஒட்டிய எழுத்து கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும்.

அடுத்தது அச்சு திரும்பியது. நம் நாட்டுக் காயினைக் கட்டைவிரல் ஒரு பக்கமும் ஆள்காட்டி விரல் மறுபக்கமுமாகப் பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுகிற மாதிரி பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கமும் நேராகவே நிற்க வேண்டும். சிங்கம் நேராக இருக்க, பின்னால் எண் சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால், அச்சு இடம் மாறித் திரும்பியிருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கக்கூடிய எரர் இதுதான், எனக்குக் கிடைத்ததில் பாதி இந்த வகை. கொஞ்சம் சாய்ந்திருந்தால் மதிப்பில்லை. நம் காயினில் அது சர்வசாதாரணம். கால் சுற்று, அரைச் சுற்று என்றால் எடுத்து வை. எடுத்துவைத்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: சில நாடுகளின் காயினே தலைகீழாகத்தான் அடிக்கப்படும். அமெரிக்கக் காயினைக் கொண்டுவந்து எரர் என்று சொல்லாதே.

மறுபடி சோமாஸுக்கு வா. அவசரத்தில் மூடியை ஏற்கெனவே எடுத்த ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏற்றி வைத்து அழுத்தினால், வட்டத்தில் ஒரு பக்கம் பிறை போலக் கடிபட்டிருக்கும். காயினிலும் அதேதான். இதை வீட்டில் அரத்தால் ராவியும் செய்வார்கள். பிரித்துப் பார்ப்பதற்கு இரண்டு வழி. உண்மையான கடியில், கடிபட்ட இடத்தை நெருங்க நெருங்க எழுத்து மெலிந்து, இழுபட்டுப் போயிருக்கும். ராவினதில் எழுத்து பட்டென்று அறுபட்டிருக்கும். இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே இருக்கிற விளிம்பைப் பார். அங்கே விளிம்பு மெலிந்து, சில சமயம் இல்லாமலே போயிருக்கும். ஓரத்தை உருட்டும்போது ஒரு பக்கம் காலியாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது, அதனால் வருவது. அரத்தோடு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு எதிர்ப்பக்கம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

வில்லை வளையத்துக்குள் சரியாக உட்காராமல் அடி விழுந்தால் டிசைன் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும், மறுபக்கம் வெறும் உலோகம் பிறையாகத் தெரியும். மையம் விலகியது என்போம். வளையமே இல்லாமல் அடி விழுந்தால் காயின் தோசைமாவு மாதிரி பரந்துபோகும். டிசைன் முழுசாக இருக்கும், விளிம்பு இருக்காது, எடை மட்டும் குறையாது. இதற்குப் போலி செய்கிறவர்கள் நாம்தான்! சின்ன வயசில் தண்டவாளத்தில் காசு வைத்து, ரயில் போனதும் ஓடிப்போய் எடுப்போமே, அந்தக் காசை இன்னும் எரர் என்று விற்கப் பார்க்கிறார்கள். ரயில் ஏறியதில் டிசைன் ஒரே திசையில் இழுபட்டு மழுங்கியிருக்கும், வடிவம் முட்டையாக இருக்கும். அச்சில் பரந்தது வட்டமாக இருக்கும், எழுத்து கூர்மை குறையாது.

அடித்த காயின் கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால்? அடுத்து வருகிற வில்லைமேல் அந்தக் காயினே அச்சாக அழுந்தும். அப்போது இரண்டு பக்கமும் ஒரே படம் வரும். ஒரு பக்கம் சரியாக, மறுபக்கம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி, பள்ளமாக. பழைய கால அணா காசிலிருந்தே சேகரிப்பாளர்கள் இதற்கு உயிரை விடுவார்கள். பட்டறைக் கிடுக்கியில் இரண்டு காயினைச் சேர்த்து நெருக்கினாலும் ஒன்றின் படம் மற்றதில் பள்ளமாகப் பதியும். ஆனால் ஏற்கெனவே இருந்த படம் அடியில் நசுங்கித் தெரியும், பின்பக்கமும் தட்டையாகியிருக்கும். அச்சில் வந்ததில் பள்ளப் படத்துக்கு அடியில் வேறு எதுவும் இருக்காது.

நான் ஏமாந்த கதையும் இதை ஒட்டித்தான். ஒரு கண்காட்சியில் இரண்டு பக்கமும் சிங்கம், இரண்டும் மேடாகவே, 400 ரூபாய் என்றார்கள். கையில் கிடைத்ததும் கண் மங்கிவிட்டது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மேஜையில் போட்டால் சத்தம் 'டப்' என்றது, 'டிங்' இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்புக்கு உள்ளே நூல் மாதிரி ஒரு வளையக் கோடு. இரண்டு காயினைக் கடைந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்திய மேஜிக்காரர் காயின். பூவா தலையா போடுகிற உன் மாமாவிடம் கொடுத்துவிட்டேன், அவருக்குத்தான் உபயோகம்.

தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இரண்டு சாமான் வாங்கி வைத்துக்கொள். நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரி, கிராமில் இரண்டு புள்ளி வரை காட்டுகிற குட்டித் தராசு ஒன்று. வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் ஒன்று, பத்து மடங்கு போதும். மூன்றாவது உன் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருக்கிறது: காந்தம். ஸ்டீல் காயின் காந்தத்தில் ஒட்டும். செம்பும் நிக்கலும் கலந்தது ஒட்டாது. 1992 தொடங்கி 1 ரூபாய் ஸ்டீல்தான். 2004 வரைக்கும் வந்த, பதினோரு பக்கம் கொண்ட 2 ரூபாய் செம்பு-நிக்கல், 6 கிராம். கனமான பழைய 5 ரூபாயும் செம்பு-நிக்கல்தான், 9 கிராம். இடையில் 2007 வாக்கில் வந்த 5 ரூபாய் ஸ்டீல், 6 கிராம். 2009-இலிருந்து மஞ்சளாக வருவது நிக்கல் பித்தளை, அதுவும் 6. ஒட்ட வேண்டியது ஒட்டவில்லை, ஒட்டக்கூடாதது ஒட்டுகிறது, எடையும் வேறு என்றால் வேறு காயினுக்கான வில்லையில் அடித்திருக்க வாய்ப்பு உண்டு. அது பெரிய எரர். கள்ளக்காசாகவும் இருக்கலாம், அதனால் உடனே துள்ளிக் குதிக்காதே. வேறு வில்லையில் அடித்ததென்றால் அதன் எடை ஏதாவதொரு நிஜக் காயினின் எடையோடு பொருந்தும். கள்ளக்காசின் எடை பெரும்பாலும் எதோடும் பொருந்தாது. எழுத்தும் சோப்பு மாதிரி வழுவழுவென்றிருக்கும்.

10 ரூபாய், 20 ரூபாயில் நடு வட்டம் தள்ளிப்போய் உட்கார்ந்திருப்பது உண்டு, கவனி. நடுவைத் தட்டிக் கழற்றித் திருப்பிச் சொருகுகிறவர்களும் உண்டு. இரண்டும் சேருகிற கோட்டில் இடுக்கி அடையாளமோ இடைவெளியோ இருந்தால் விட்டுவிடு.

இரட்டை எழுத்து என்று பலர் கொண்டுவருவார்கள். அடிக்கும்போது அச்சு லேசாக அசைந்தால், எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி தட்டையான ஒரு நிழல் விழும். அதற்குக் காசு கிடையாது. இரண்டு முறை அடிபட்டதில் எழுத்து இரண்டும் தனித்தனியாக, உருண்டு திரண்டு நிற்கும். முதல் சிங்கத்தின் காது இரண்டாவது சிங்கத்தின் முதுகில் தெரியும். பார்த்தால் உனக்கே சந்தேகம் வராது.

இனி விலை. நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான்: கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாலே தெரிகிற பிழைக்குத்தான் காசு. லென்ஸ் வைத்துத் தேட வேண்டியது மனசுக்குச் சந்தோஷம். மையம் விலகியதில் ஓரம் கொஞ்சம் நகர்ந்ததைக் காட்டிலும் பாதிக்குப் பாதி நகர்ந்தது மேல். அதிலும் வருஷம் தெரிந்தால் ஒரு விலை, தெரியாவிட்டால் ஒரு விலை. அப்படி ஒரு 1 ரூபாய், வருஷத்தோடு, வங்கியில் கடைக்காக வாங்கிய புதுச் சில்லறையில் வந்தது. ஒரு சேகரிப்பாளர் 600 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டார். அரைச் சுற்றுத் திரும்பிய 2 ரூபாய்க்கு அவரே 60 ரூபாய்தான் சொன்னார். என் கல்லா வாழ்க்கையில் பெரிய தொகை அந்த 600தான். லட்சம் எல்லாம் யூடியூபில் மட்டும்.

பிரிட்டனில் நடந்தது ஒன்று உண்டு. 2008-இல் அங்கே காயின் டிசைனை மாற்றியபோது, 20 பென்ஸில் வருஷத்தைப் பின்பக்கத்திலிருந்து ராணி பக்கத்துக்கு நகர்த்தினார்கள். யாரோ பழைய ராணி அச்சையும் புதுப் பின்பக்க அச்சையும் ஜோடி சேர்த்து அடித்துவிட்டார்கள். விளைவு, வருஷமே இல்லாத காயின். சில்லறையோடு சில்லறையாக ஊருக்குள் போயிற்று. கையில் கிடைத்தவர்களுக்கு ஐம்பது பவுண்டுகூடக் கிடைத்தது. இத்தனைக்கும் அது இரண்டரை லட்சம் வரை வெளியே போயிருக்கலாம் என்று சொன்னார்கள். எண்ணிக்கை குறைவு என்பதைவிட, ஊரே தேடியதுதான் விலையை ஏற்றியது. நம் பக்கத்தில் ஒரே ஒரு காயினில் மட்டும் இருக்கிற பிழைக்கும் வாங்க ஆள் இல்லையென்றால் அதன் விலை அதில் எழுதியிருக்கிற 1 ரூபாய்தான்.

இணையத்தில் விலை பார்க்கும்போது கேட்கிற விலையைப் பார்க்காதே, போன விலையைப் பார். 3 லட்சம் என்று யார் வேண்டுமானாலும் போடலாம். மூன்று வருஷமாக அதே காயின் அதே இடத்தில் கிடக்கும். பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ், மும்பை டோடிவாலா மாதிரி ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையைப் பட்டியலாகப் போடுகின்றன. அங்கே உன் காயினைப் போன்ற ஒன்று எவ்வளவுக்குப் போனது என்று தேடு. வியாபாரியிடம் கொண்டுபோனால் அதில் பாதி கேட்டாலே நியாயமான ஆள் என்று வைத்துக்கொள். அவரும் கடை வாடகை கட்ட வேண்டும். சென்னைக்குப் போகிறபோது எழும்பூர் மியூசியத்தில் நாணயப் பகுதியை ஒருமுறை சுற்றிவிட்டு வா. மெட்ராஸ் காயின் சொசைட்டிக்காரர்கள் மாதிரி சேகரிப்பாளர்களிடம் காட்டினால், விற்கிற அவசரம் இல்லாமல் உண்மையைச் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேள். "உங்க காயினுக்கு 5 லட்சம், முதல்ல பதிவுக் கட்டணம் 2,500 அனுப்புங்க" என்று எவன் பேசினாலும் போனை வை. அடுத்து ஜிஎஸ்டி என்பான், அப்புறம் ரிசர்வ் வங்கி அனுமதி என்று முத்திரை போட்ட கடிதம் அனுப்புவான். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில், பழைய நோட்டு, காயின் வாங்கி விற்கிற வேலை எங்களுக்கு இல்லை, அதற்கு எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று எச்சரித்திருக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒரு டீச்சர் காண்டாமிருகம் போட்ட 25 பைசாவுக்காக 11,000 ரூபாய் இழந்தார். 2011 ஜூனோடு 25 பைசா செல்லாக்காசு ஆகிவிட்டது. ஆனால் செல்லாதது எல்லாம் அரியது ஆகிவிடாது. வாங்குகிறவன்தான் காசு கொடுக்க வேண்டும், விற்கிறவள் எதற்குக் கொடுப்பாள்? படித்த டீச்சருக்கே அது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கிடைத்ததைப் பத்திரப்படுத்துவது பற்றி. விளக்குத் தேய்க்கிற கை உனக்கு, அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்: புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், விபூதி வேண்டவே வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய காயினைச் சேகரிப்பாளர் தொட மாட்டார். அழுக்கிருந்தால் தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியில் ஒற்றி எடு, தேய்க்காதே. மொய்க் கவரில் ஒட்டியிருக்கிற 1 ரூபாயைப் பிய்க்காதே. கவரோடு ஊறப்போடு, பசை தானே விடும். மொய்க் காயின் பெரும்பாலும் புதுசாக இருக்கும், அதனால் கல்யாணம் முடிந்த வீட்டில் கவரைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார். காயினைத் தட்டையாகப் பிடிக்காமல் விளிம்பைப் பிடி. நெகிழ்கிற, வாசனை அடிக்கிற மலிவு பிளாஸ்டிக் ஆல்பத்தில் போட்டால் கொஞ்ச வருஷத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். காகித உறையே போதும். உறைமேல் எங்கே, எந்தத் தேதி கிடைத்தது என்று எழுதிவை, காயினை உள்ளே போடுவதற்கு முன்பே எழுது. காயினை அறுத்தோ உருக்கியோ பார்க்கிற யோசனை வீட்டில் யாருக்காவது வந்தால் தடுத்துவிடு. 2011-ஆம் வருஷத்து நாணயச் சட்டப்படி அது குற்றம்.

எங்கே தேடுவது என்று கேட்பாய். தேய்ந்த சில்லறையில் தேடுவதைவிட, வங்கியில் கடைக்கு என்று வாங்குகிற புதுக் காயின் பொட்டலத்தில் தேடு. கையே படாதது, பிழை இருந்தால் அடித்ததிலேயே இருந்தது என்று நம்பலாம். பார்த்து முடித்ததைப் பால், கீரை, பூ என்று செலவு செய்துவிடு. மூட்டையாகச் சேர்த்து வைக்காதே. என் மாமியார் சொல்வது மாதிரி, உண்டியலுக்குள் தூங்குகிற சில்லறை பசிக்குச் சோறு போடாது. அவர் சொன்னதை நானே முழுசாகக் கேட்டதில்லை, கட்டிலுக்கடியில் இரண்டு போர்ன்விட்டா டப்பா இருக்கிறது.

அடுத்த தடவை போட்டோ அனுப்பும்போது ஃப்ளாஷ் போடாதே. எல்லாம் வெளுத்துப்போய் மேடும் பள்ளமும் தெரியவே இல்லை. காலையில் ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி காயினை வைத்து, தலை, பூ, விளிம்பு மூன்றையும் எடு. பக்கத்தில் பிழையில்லாத அதே காயின் ஒன்றையும் வை. எடையையும் எழுதி அனுப்பு. அப்புறம் அந்த 2006 காயினை எதிர்வீட்டு அத்தையிடமே கொடுத்துவிடு. அஞ்சு லட்சம் வேண்டாம், ரெண்டு ரூபாய்க்குக் கறிவேப்பிலை கொடுக்கச் சொல்.